விண்ணப்பம் என்ற ஒரே சொல்

2009ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி ஞாயிறு ஆராதனையில் நான் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். குன்னூருக்கும் கேத்திக்கும் இடையே, தேயிலைச் சரிவின் ஓரத்தில் இருக்கிற எங்கள் சிறிய ஆலயத்தில் அன்று உட்கார இடமில்லை. நிவாரண முகாமாகியிருந்த பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்தவர்கள் ஈரம் காயாத சால்வையோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். முந்தின திங்கள் இரவு எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் மண் சரிந்தபோது அது என் சமையலறைச் சுவரோடு நின்றுவிட்டது என்றும், கர்த்தர் தம் கரத்தை நீட்டி என் வீட்டைக் காத்தார் என்றும் சொன்னேன். சபையார் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான்காவது வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, அதே இரவில், தன் தாயையும் ஆறு வயது மகனையும் பறிகொடுத்தவர். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்ததால் அவர் பிழைத்திருந்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் என் அருகில் வந்தார். "டீச்சர், அன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாகிட்ட ஃபோன்ல பேசினேன். ஜெபம் பண்ணிட்டுப் படுக்கப்போறோம்னுதான் சொல்லுச்சு" என்றார். குரல் உயரவில்லை. என் பதிலுக்காகவும் அவர் நிற்கவில்லை. படிகளில் இறங்கிப் போய்விட்டார். என் வீட்டுப் பக்கம் நீண்ட கரம் அவருடைய தாயின் வீட்டுப் பக்கம் நீளவில்லை என்று, ஆலயத்துக்குள்ளே, அவர் முகத்துக்கு நேரே, நன்றியின் மொழியில் நான் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடவுளின் வல்லமை, ஜெபம், பொதுவாழ்வு ஆகியவற்றைப் பற்றி நான் சிறுவயது முதல் வைத்திருந்த எண்ணங்கள் அந்த வாசலில் தொடங்கி மாறின. அவை மாறிய விதத்தையும், அதனால் எங்கள் சபையும் தெருவும் கற்றுக்கொண்ட சில நடைமுறைகளையும், சரிவுகளில் வாழும் மற்றச் சபையாருக்கு உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009 நவம்பர் 10ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. பிற்பாடு இதை என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் கணக்காகவே போட்டுக் காட்டியிருக்கிறேன்: ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் 820 லிட்டர், ஒரு சென்ட் நிலத்தின்மேல் ஏறத்தாழ 33,000 லிட்டர். மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மேட்டுப்பாளையம் சாலையும் மலை ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. நீலகிரிக்கு இது முதல் முறையும் அன்று. 1978இலும், மரப்பாலம் பகுதியில் 1993இலும் மண் சரிந்து பலர் மாண்டதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நன்றாக அறிவார்கள். அறிந்திருந்தும் நாங்கள் எதையும் கற்றுக்கொண்டிருக்கவில்லை.

ஞாயிறு மாலையே எங்கள் வரிசைக்குப் பின்னால் சரிவின் உச்சியில் கை நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் கண்டிருந்தது. எப்போதும் தெளிந்து வரும் ஊற்றுத் தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறத்தில் வந்தது. என் வீட்டுப் பின்கதவு நிலையோடு இறுக்கிக்கொண்டு சாத்த வரவில்லை. இவை மண் நகரத் தொடங்கிவிட்டதற்கான அடையாளங்கள் என்று இன்று எங்கள் தெருவில் சிறுபிள்ளைகூடச் சொல்லும். அன்று ஒருவருக்கும் தெரியாது. திங்கள் மாலை ஏழு மணிக்கு என் வீட்டில் கூடி, மழை நிற்க வேண்டும் என்று ஜெபித்தோம். மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும் பயப்படோம் என்கிற 46ஆம் சங்கீதத்தை வாசித்தோம். 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்ப் படுத்தோம். அந்த நேரம் முழுவதும் பள்ளிக்கூடச் சாவி என் கைப்பையில் இருந்தது. சரிவிலிருந்து விலகிச் சமதரையில் இருக்கிற, முப்பது பேர் தாராளமாகப் படுக்கக்கூடிய கட்டடத்தின் சாவி அது. அதை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஜெபித்து முடித்ததும், செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்ட நிறைவு மனதுக்கு வந்துவிட்டது. என்னால் இன்றுவரை கடக்க முடியாத இடம் அந்த நிறைவுதான்.

பல வாரங்கள் என்னால் வாய்விட்டு ஜெபிக்க முடியவில்லை. அப்போது எங்கள் சேகரத்துக்கு, அதாவது ஓர் ஆயரின் கீழ் வரும் சபைகளின் பகுதிக்கு, வந்திருந்த இளம் ஆயர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்தவர். அவரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லாமல், லூக்கா 13ஆம் அதிகாரத்தின் முதல் ஐந்து வசனங்களை மட்டும் ஒரு வாரம் தினமும் வாசிக்கச் சொன்னார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததை இயேசு அங்கே எடுத்துப் பேசுகிறார். செத்தவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றெல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று கேட்டு, 'அப்படியல்ல' என்று தாமே பதில் சொல்கிறார். கோபுரம் ஏன் இவர்கள்மேல் விழுந்தது, ஏன் மற்றவர்கள் தப்பினார்கள் என்பதற்கு மேலுலகக் காரணம் ஒன்றும் அவர் தரவில்லை. மாறாக, கேட்டுக்கொண்டிருக்கிற கூட்டத்தைப் பார்த்து மனந்திரும்பச் சொல்கிறார். இந்த வசனங்களை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். ஆனாலும் மனந்திரும்ப வேண்டியவர்கள் பிழைத்திருக்கிறவர்கள் என்பதை அந்த வாரம்தான் கண்டேன்.

'சர்வ வல்லமையுள்ள பிதா' என்று ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோம். அந்தச் சொல்லின் வரலாற்றையும் அந்த ஆயரிடம்தான் கேட்டறிந்தேன். பழைய ஏற்பாட்டில் 'சர்வவல்லவர்' என்று நாம் வாசிக்கிற பல இடங்களில் எபிரேயத்தில் இருப்பது 'ஷடாய்' என்ற பெயர். அதன் வேர்ப்பொருள் உறுதியாகத் தெரியவில்லை. மலையைக் குறிக்கும் பழைய சொல்லோடு அதைச் சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு, தாயின் மார்பைக் குறிக்கும் சொல்லோடு சேர்த்துப் பார்க்கிறவர்களும் உண்டு. அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் பல இடங்களில் 'பாந்தோக்ராத்தோர்', அதாவது அனைத்தையும் ஆள்பவர், என்று எழுதினார்கள். அரசனின் சாயல் அவ்வழியாக அந்தப் பெயரின்மேல் அழுத்தமாகப் படிந்தது. பாலூட்டுகிற மார்பு யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் அந்த வல்லமை இல்லாமல் ஒரு குழந்தையும் பிழைக்காது. இந்த எண்ணம் எனக்குள் நெடுநாள் வேலை செய்தது. ஓரேப் மலையில் எலியா தீர்க்கதரிசியின் முன்னே பெருங்காற்றும் நிலநடுக்கமும் அக்கினியும் கடந்துபோகின்றன. அவற்றில் ஒன்றிலும் கர்த்தர் இருக்கவில்லை என்றே வேதம் எழுதுகிறது. பிறகு வந்தது அமர்ந்த மெல்லிய சத்தம். இட்லரின் ஆட்சியை எதிர்த்ததற்காகச் சிறையில் அடைக்கப்பட்டு 1945 ஏப்ரல் 9ஆம் தேதி தூக்கிலிடப்பட்ட ஜெர்மானிய ஆயர் டீட்ரிக் பான்ஹாஃபர், அதற்கு முந்தின ஆண்டு சிறையிலிருந்து எழுதிய கடிதமொன்றில், சிலுவைக்குத் தள்ளப்பட்டுப் பாடுபடுகிற கடவுளே நமக்கு உதவக்கூடியவர் என்ற கருத்தை எழுதியிருக்கிறார். வெளியே இருந்து இழுத்துப் பிடிக்கிற கரம் ஒன்றையே கடவுளின் வல்லமை என்று நம்பிய எனக்கு, இவை பெரிய இடமாற்றமாக இருந்தன.

இன்று நான் நம்புவது இதுதான். மண் தன் எடைக்கும் தன்னுள் ஏறிய நீருக்கும் ஏற்ற விதிப்படி நகர்கிறது. அந்த விதியையும் படைத்தவர் கடவுளே. எங்கள் ஜெபத்துக்காக ஒரு வீட்டுக்குப் பின்னால் அதை நிறுத்தி இன்னொரு வீட்டுக்குப் பின்னால் அவர் விட்டுவிடுவதில்லை. ஆனால் அவர் சும்மாவும் இருக்கவில்லை. அந்தத் திங்கள் மாலை அவர் என்னை விரிசலாலும், கலங்கிய ஊற்றாலும், சாத்தாத கதவாலும், கைப்பையில் கிடந்த சாவியாலும் அழைத்துக்கொண்டே இருந்தார் என்று நினைக்கிறேன். நான் பேசிக்கொண்டே இருந்ததால் அது எனக்குக் கேட்கவில்லை.

இதைக் கேட்ட வேறு சபைச் சகோதரர் ஒருவர், இது விசுவாசக் குறைவு, கடவுளைச் சிறியவராக்குகிற பேச்சு என்று மனம் வருந்திச் சொன்னார். அவருடைய பக்தியை நான் மதிக்கிறேன். அப்படியானால் மழை நிற்க வேண்டும் என்று ஏன் ஜெபிக்க வேண்டும் என்று அவர் கேட்டதும் நியாயமான கேள்வி. மழை நிற்க வேண்டும் என்று நான் இப்போதும் ஜெபிக்கிறேன், ஏனென்றால் பயப்படுகிற பிள்ளை தாயிடம் எதையும் கேட்கலாம். நான் நிறுத்திக்கொண்டது ஒன்றைத்தான்: பிழைத்த பிறகு, பிழைத்ததை என் ஜெபத்துக்குக் கிடைத்த பதிலாகவும், பிழைக்காதவர்களின் ஜெபத்துக்குக் கிடைக்காத பதிலாகவும் கணக்கு எழுதுவதை.

இனிப் பொதுவாழ்வுக்கு வருகிறேன். தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு 'விண்ணப்பம்' என்ற சொல் மிகவும் நெருக்கமானது. 'என் விண்ணப்பத்தைக் கேட்டருளும்' என்று சங்கீதத்தில் வாசிக்கிறோம். அதே சொல்தான் தாலுகா அலுவலகத்துச் சுவரிலும் எழுதியிருக்கிறது. பரலோகத்துக்குப் போவதும் அரசாங்க அலுவலகத்துக்குப் போவதும் தமிழில் விண்ணப்பமே. லூக்கா 18ஆம் அதிகாரத்தில், சோர்ந்துபோகாமல் ஜெபம்பண்ண வேண்டும் என்பதற்கு இயேசு சொல்கிற உவமையைப் பாருங்கள்: கடவுளுக்குப் பயப்படாத, மனிதரை மதிக்காத ஒரு நியாயாதிபதியின் வாசலுக்கு ஒரு விதவை திரும்பத் திரும்பப் போய் நியாயம் கேட்கிறாள். ஜெபத்துக்கு அவர் காட்டிய படம், மனுவோடு அலுவலக வாசலில் நிற்கிற ஒரு பெண். நாங்களோ அந்த உவமையை எடுத்துக்கொண்டு முழு இரவு ஜெபம் நடத்தினோமே தவிர, ஒரு மனுகூட எழுதியதில்லை.

2010 கோடையில் எழுதத் தொடங்கினோம். எங்கள் சரிவுக்கு மேலே போகிற சாலையின் சிறுபாலத்திலிருந்து மழைநீர் முழுவதும் வடிகால் இல்லாமல் நேராகச் சரிவில் கொட்டிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யக் கேட்டால், ஒரு அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது. அது மூன்றாவதைக் கைகாட்டியது. இந்த அலைச்சலில் கற்றதை அப்படியே சொல்கிறேன். 'எங்கள் தெருவில் தண்ணீர் வருகிறது' என்று எழுதிய மனு எங்கேயும் போய்ச் சேராது. புல எண், சிறுபாலம் இருக்கிற இடம், தண்ணீர் இறங்குகிற வழி, அதன் கீழே இருக்கிற வீடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றோடு, கையால் வரைந்த படமும் மழை பெய்கிறபோது எடுத்த புகைப்படமும் வைத்து எழுதிய மனுவை யாராலும் எளிதில் ஒதுக்க முடிவதில்லை. உதகையில் திங்கள்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி, அதைக் காணிக்கைக் கணக்கைப் போலவே பத்திரமாக ஒரு கோப்பில் வைத்தோம். சிறுபாலம் யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு வாய்ப்பேச்சில் பதில் கிடைக்காது என்று தெரிந்ததும், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதிக் கேட்டோம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் அதே துறையின் மேல் அலுவலரிடம் முறையிடலாம் என்பது சட்டம். அப்படியும் முறையிட்ட பிறகே பதில் வந்தது. அந்த ஒரு தாள் கையில் வந்த பின், கைகாட்டல் நின்றது. வேலை தொடங்க மேலும் ஒரு மழைக்காலம் கழிந்தது.

மனுவில் யாருடைய பெயரில் கேட்பது என்பதில் சபைக்குள் நீண்ட பேச்சு நடந்தது. சபையின் முத்திரையோடு, கிறிஸ்தவக் குடும்பங்களுக்காகக் கேட்டால் சீக்கிரம் நடக்கும் என்று சிலர் எண்ணினார்கள். ஆனால் தண்ணீர் இறங்குகிற வழியில் 23 வீடுகள் இருந்தன. அவற்றில் எங்கள் சபையாரின் வீடுகள் ஒன்பது மட்டுமே. மற்றவர்களில் பெரும்பாலோர், 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். சமதரை கிடைக்காததால் சரிவில் வீடு கட்டினவர்கள் அவர்கள். யார் சரிவில் குடியிருக்கிறார்கள் என்பதும், யாருக்கு அதைவிட்டால் வேறிடம் இல்லை என்பதும் இயற்கை முடிவு செய்ததன்று. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும் என்று இருக்கிறது. இந்த வசனத்தை ஆயர் பிரசங்கித்த மறுநாள், மாரியம்மன் கோயில் திடலில் உட்கார்ந்து, 23 வீடுகளின் பெயரிலும் ஒரே மனு எழுதினோம். பொதுவாழ்வில் கிறிஸ்தவர்கள் தங்களுக்காக மட்டும் கேட்கிற பழக்கம் நம் சாட்சியைச் சிறுமைப்படுத்துகிறது என்று அதற்குப் பிறகு உறுதியாக நம்புகிறேன்.

எழுதக் கடினமான பகுதி இனிதான் வருகிறது. மனுவோடு இணைக்கப் பழைய ஆவணங்களைத் தேடியபோது, சபைக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பேடு என் கைக்கு வந்தது. 2004இல் ஆலயத்தை ஒட்டி ஒரு கூடம் கட்டினோம். திருமணங்களுக்கும் அசன ஐக்கியம் என்கிற சபை விருந்துக்கும் இடம் வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்பட்டோம். நானும் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். அந்தக் கூடத்தின் கல்வெட்டில் என் பெயரும் இருக்கிறது. தரையைச் சமமாக்க, சரிவின் அடிவாரத்தைப் பொக்லைன் வைத்து பன்னிரண்டு அடிக்கு வெட்டினோம். வெட்டியெடுத்த மண்ணை லாரியில் ஏற்றிப் போகச் செலவு அதிகம் என்பதால், எங்கள் வீட்டு வரிசைக்கு மேலே இருந்த பள்ளத்தில் கொட்டினோம். கட்டிய தடுப்புச்சுவரில், பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேறத் துளைகள் விடவில்லை. 2009இல் சரிந்து வந்த மண்ணில் ஒரு பங்கு நாங்கள் கொட்டிய மண். தேவ சித்தம் என்று நாங்கள் கல்லறையில் நின்று சொன்னதற்குள் எங்கள் லாரிச் செலவும் இருந்தது.

அந்தக் குறிப்பேட்டில், 2006ஆம் ஆண்டில் ஒரு முறையும் 2008இல் ஒரு முறையுமாக, இரண்டு வரிகள் இருந்தன. கூடம் கட்டிய பிறகு தன் வீட்டுப் பின்பக்கம் தண்ணீர் ஊறுகிறது என்று, கணவனை இழந்த ஒரு தாய் குழுவிடம் வந்து சொல்லியிருக்கிறார். இரண்டு வரிகளுக்கும் எதிரே ஒரே குறிப்பு: 'ஜெபத்தில் வைக்கப்பட்டது.' வந்தவர், நவம்பரில் பேரனோடு மண்ணுக்குள் போன அந்த அம்மாவேதான். 2008 கூட்டத்தில் வந்திருந்தவர்களின் பட்டியலில் என் பெயர் இருந்தது. எனக்கு அது நினைவில்கூட இல்லை.

உவமையில் வருகிற விதவை எங்கள் வாசலுக்குத்தான் இரண்டு முறை வந்திருக்கிறார். நியாயாதிபதியின் நாற்காலியில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அவனாவது அவளுடைய தொந்தரவுக்காக நியாயம் செய்தான். நாங்கள் ஜெபத்தைச் சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினோம்.

ஆயரும் நானும் குழுவில் இன்னும் இருவரும் அந்த அம்மாவின் மகளுடைய வாடகை வீட்டுக்குப் போய் இதைச் சொன்னோம். சொல்லாமல் சரிசெய்துவிடலாம், பழையதைக் கிளறினால் வழக்கு வரும் என்று குழுவில் எச்சரித்தவர்களும் உண்டு. வழக்கு வந்தால் வரட்டும் என்று ஆயர் சொன்னார். அந்த ஒரு முடிவுக்காக நான் அவரை என்றும் மறக்கமாட்டேன். மகள் முழுவதையும் கேட்டார். "தெரியும் டீச்சர். அம்மா அப்பவே சொல்லிச்சு, சபையில சொல்லியிருக்கேன், பார்ப்பாங்கன்னு" என்றார். எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். அவர் வழக்குத் தொடுக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டு வாங்கும் உரிமை எங்களுக்கு இல்லை.

அந்த ஆண்டு அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்த பணத்தை, கூடத்துக்குக் குழல்விளக்கு வாங்கத் திட்டமிட்டிருந்ததை விட்டுவிட்டு, தடுப்புச்சுவரில் துளைகள் போடவும், கொட்டிய மண்ணின் மேல் விளிம்பில் கல் பதித்த படிவடிகால் கட்டவும் செலவழித்தோம். அதைக் கட்டிய கொத்தனார் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறேன்: சுவரைத் தள்ளுவது மண்ணைவிடத் தண்ணீர்தான், தண்ணீருக்கு வழிவிட்ட சுவர் நிற்கும். கூடத்தை மழைக்கால முகாமாகப் பயன்படுத்துவதில்லை என்றும் தீர்மானம் எழுதினோம், ஏனென்றால் வெட்டிய சரிவின் அடியில் இருக்கிற கட்டடம் அடைக்கலம் ஆகாது. அடைக்கலம் பள்ளிக்கூடம்தான், அதன் சாவிக்கு இப்போது மூன்று பிரதிகள், மூன்று வீடுகளில் இருக்கின்றன.

ஆராதனையிலும் சில பழக்கங்களை மாற்றினோம். இயற்கைச் சேதத்துக்குப் பிறகு வருகிற ஞாயிறுகளில் தனிப்பட்ட பாதுகாப்புச் சாட்சிகள் சொல்வதில்லை. இறந்தவர்களின் பெயர்களை, அவர்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், வாசித்து அமைதியாக நிற்கிறோம். நன்றி சொல்ல விரும்புகிறவர் வீட்டில் சொல்லலாம். அல்லது இழந்தவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துச் சொல்லலாம். குழுக் குறிப்பேட்டில் 'ஜெபத்தில் வைக்கப்பட்டது' என்று எழுதினால், அதற்குப் பக்கத்திலேயே யார், எந்தத் தேதிக்குள், எந்த வாசலுக்குப் போவார் என்றும் எழுதியாக வேண்டும். இல்லையென்றால் அந்த வரிக்கு ஆயர் கையெழுத்திடமாட்டார். ஜெபத்தில் எதைக் கேட்கிறோம் என்பதும் மெல்ல மாறியது. 'எங்களைக் காத்தருளும்' என்பதோடு, 'நாங்கள் காணத் தவறுகிறதைக் காட்டும்' என்றும் கேட்கிறோம். பிறகு இரண்டு நிமிடம் ஒருவரும் பேசுவதில்லை. அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஒருமுறை ஒரு பெரியவருக்கு, மேல்தெருவில் புதிதாகக் குடிவந்த வயதான தம்பதியின் ஃபோன் எண் நம்மிடம் இல்லையே என்று தோன்றியது.

தெருவுக்கான நடைமுறைகள் எளியவை, செலவும் குறைவு. நேர்ச்சுவர் உள்ள ஒரு பால்பவுடர் டின்னைத் திறந்தவெளியில், மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் நிறுத்தி, காலை 8.30 மணிக்கு அளவுகோலை விட்டுப் பார்த்தால் முந்தின நாளின் மழை தெரிந்துவிடும். இரண்டு நாளில் 15 சென்டிமீட்டரைத் தாண்டினால், சரிவடி வீடுகளில் இரவு யாரும் தங்குவதில்லை என்று வைத்திருக்கிறோம். இது நாங்களே கூடிப் பேசி வைத்த வரம்பு. உங்கள் மண்ணுக்கு வேறாக இருக்கும், ஆகவே உள்ளூரில் மண்ணை அறிந்தவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விரிசல் கண்டால் அதன் குறுக்கே சுண்ணாம்பால் கோடிட்டுத் தேதி எழுதுகிறோம். கோடு விலகினால் கேள்விக்கே இடமில்லை, கிளம்ப வேண்டியதுதான். ஊற்று கலங்கினாலும், திடீரென்று நின்றுபோனாலும், மின்கம்பமோ மரமோ சாய்ந்தாலும் அப்படியே. மழை விட்டதும் திரும்பிவிடக்கூடாது, ஏனென்றால் உள்ளே இறங்கிய நீர் தன் வேலையைப் பிறகும் செய்யும். வடிகால்களை மே கடைசியில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒருமுறையும் எல்லாரும் சேர்ந்து தூர்வாருகிறோம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண் ஒவ்வொரு வீட்டு நிலைக்கதவிலும் எழுதியிருக்கிறது. ஆலய மணி நேரமல்லாத நேரத்தில் இடைவிடாமல் அடித்தால், சமய வேறுபாடின்றி அனைவருக்கும் ஒரே பொருள்.

2019 ஆகஸ்டில், குந்தா பக்கம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, எங்கள் பக்கத்தில் அவ்வளவு இல்லை. ஆனாலும் டின் எங்கள் வரம்பைத் தாண்டியது. மணி அடித்தோம். மூன்று இரவுகள் பதினான்கு குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் படுத்தன. மண் சரியவில்லை. வீணாக அலைக்கழித்தீர்கள், குழந்தைக்குச் சளி பிடித்துவிட்டது என்று சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தை ஏற்றுக்கொள்வதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான். அடுத்த ஞாயிறு சாட்சி சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பள்ளிக்கூடத் தரையில் பிள்ளைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்ததை நள்ளிரவில் விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, பத்து ஆண்டுகளாக எனக்குள் வராதிருந்த ஸ்தோத்திரம் தானாக வந்தது.

மழை அளக்கிற பொறுப்பை 2013 முதல் அந்த அம்மாவின் மகள் எடுத்துக்கொண்டிருக்கிறார். திருப்பூர் வேலையை விட்டுவிட்டு இங்கேயே தையல் வேலை செய்கிறார். டின் ஆலயத்து வளாகத்தில்தான் இருக்கிறது. அங்கேதான் வானம் திறந்திருக்கிறது. தினமும் காலையில் வந்து அளந்து, நீலநிறக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வருகிறார், ஆராதனைக்கு அவர் உள்ளே வருவதில்லை. நாங்கள் அழைத்து வற்புறுத்துவதும் இல்லை.

சிறுபாலத்துக்குக் கீழே வடிகாலின் முதல் பகுதி மட்டுமே முடிந்திருக்கிறது. மீதி சுமார் அறுபது மீட்டர் தூரத்துக்குத் தண்ணீர் இன்னும் மண்ணிலேயே இறங்குகிறது. இதற்கிடையே, கூடத்தின்மேல் இன்னொரு மாடி எழுப்பலாம் என்ற பேச்சு சபைக் குழுவில் மீண்டும் எழுந்தது, நான் எதிர்த்தேன், சிறிய வித்தியாசத்தில் தள்ளிவைக்கப்பட்டது. மீதி வடிகாலுக்கான மனுவை வருகிற திங்கள் உதகைக்குக் கொண்டுபோகிறோம். கடந்த ஆறு மழைக்காலங்களின் அளவுகளை நீலக் குறிப்பேட்டிலிருந்து தனித்தாளில் படியெடுத்து, அவரே கையெழுத்திட்டு, மனுவோடு இணைக்கக் கொடுத்திருக்கிறார். காலை முதல் பேருந்துக்குத் தாமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.